வெள்ளிக்கிழமை யாருக்கு விடுமுறை?

சில மாதங்களுக்கு முன் பதுளையில் ஜும்ஆ முடிந்து படியிறங்கும்போது ஓர் இளைஞர் என்னைப் பிடித்துக்கொண்டார். துணிக்கடையொன்றில் வேலை செய்பவர்.

"சேர், சவூதியில, துபாயில எல்லாம் வெள்ளிக்கிழமை லீவு. நம்மளும் இங்க அப்படியொரு நாளைக் கேட்டு வாங்கினா என்ன?"

கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்கு ஓட வேண்டிய அவசரம் அவருக்கு. நின்று பேச நேரமில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போலவே கேட்கும் வேறு பலரும் நம்மிடையே உண்டு.

முதலில் மார்க்கம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். சூரா அல்ஜுமுஆவின் 9ஆம், 10ஆம் வசனங்களை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். பாங்கு ஒலித்ததும் கொடுக்கல் வாங்கலை விட்டுவிட்டுத் தொழுகைக்கு விரையச் சொல்கிறது முதலாவது. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடச் சொல்கிறது அடுத்தது. யூதர்களுக்குச் சனிக்கிழமை முழுநாள் ஓய்வு. நமக்கு வெள்ளி அப்படியல்ல. தொழுகைக்கு முன்னும் வியாபாரம் உண்டு, பின்னும் உண்டு. நடுவில் அந்த ஒன்றிரண்டு மணித்தியாலம் மட்டும் எவருக்கும் விற்கக்கூடாத நேரம்.

அதனால்தான் முஸ்லிம் நாடுகளின் வார விடுமுறை ஒரே மாதிரி இல்லை. பாகிஸ்தானில் 1977இல் பூட்டோ அரசாங்கம் வெள்ளியை விடுமுறையாக்கியது. 1997இல் நவாஸ் ஷெரீப் அதை ஞாயிறுக்கே திருப்பினார். பங்களாதேஷிலும் மாலைதீவிலும் வெள்ளியும் சனியும். இந்தோனேசியாவில் சனியும் ஞாயிறும். மலேசியாவின் ஜொகூர் மாநிலம் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறிவிட்டு, 2025 ஜனவரியில் மறுபடியும் சனி, ஞாயிறுக்கு வந்துவிட்டது.

அந்த இளைஞர் சொன்ன சவூதியையே எடுத்துக்கொள்வோம். அங்கே முன்பு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. உலகின் பெரும்பகுதிக்குச் சனியும் ஞாயிறும். ஆக, சவூதி வங்கியும் இலண்டன் வங்கியும் சேர்ந்தாற்போல் திறந்திருந்தது திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றே நாள். 2013 ஜூனில் மன்னர் அப்துல்லாஹ்வின் ஆணைப்படி விடுமுறை வெள்ளி, சனி ஆனது. பொதுநாள் மூன்று நான்காகக் கூடியது. ஐக்கிய அரபு இராச்சியம் இன்னும் ஒரு படி போனது. 2022 ஜனவரி முதல் அங்கே அரசாங்க அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி அரைநாள் வேலை. குத்பாவை நாடெங்கும் 1.15க்கு என்று ஒரே நேரமாக்கினார்கள். சார்ஜா மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விடுமுறையாக வைத்துக்கொண்டது. ஆகவே, "துபாயில வெள்ளிக்கிழமை லீவு" என்பது இப்போது பாதிதான் சரி.

விடுமுறை நாளை மாற்றியது பெரும்பாலும் வியாபாரம்தான். ஜும்ஆ இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தப் பாடத்தை இலங்கையர் ஏற்கனவே படித்தவர்கள். என் வயதுக்காரருக்கு ஞாபகமிருக்கும். 1966 ஜனவரியில் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறை எடுத்துவிட்டுப் போயாவை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரைப்பிறை நாட்கள் என்று மாதத்துக்கு நான்கு போயா. அதற்கு முந்திய நாள் அரைநாள். சந்திர மாதம் 29, 30 நாள் என்பதால் ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிலசமயம் ஏழு நாள், சிலசமயம் எட்டு. அப்போது நான் பதுளையில் சின்ன வகுப்புப் பையன். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று அறியக் கடைச் சுவரிலிருந்த கலண்டரைத்தான் பார்ப்போம். கிழமையைச் சொல்லிப் பிரயோசனமில்லை. வெள்ளி மட்டும் தன் பாட்டில் ஏழு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. ஏதாவதொரு போயா வெள்ளியில் விழுந்துவிட்டால் பள்ளிவாசல் வாசல்வரை நிரம்பும்.

உலகம் ஞாயிறு மூடும்போது நாம் திறப்பதும், உலகம் திறந்திருக்கும்போது நாம் மூடுவதுமாக ஏற்றுமதிக்காரரும் வங்கிகளும் தடுமாறினார்கள். 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்த ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் சனி, ஞாயிறைத் திரும்பக் கொண்டுவந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. அது பிறைக்கணக்கில் 14, 15க்குப் பக்கத்தில் வரும். அய்யாமுல் பீழ் நோன்பு பிடிப்பவர்களுக்கு அது வசதி. பிறரின் விடுமுறையிலும் நமக்கொரு பங்கு இருக்கிறது.

இனி நம்முடைய நாட்களுக்கு வருவோம். இலங்கைக் கலண்டரில் விடுமுறைக்குப் பக்கத்தில் அடையாளங்கள் இருக்கும். ஒன்று அரசாங்க விடுமுறைக்கு, ஒன்று வங்கிக்கு, மற்றது வர்த்தக விடுமுறைக்கு. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மீலாத் ஆகிய மூன்றும் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் விடுமுறை. ஆனால் கடை, அலுவலக ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வேறு பட்டியல் வைத்திருக்கிறது. போயாவைத் தவிர அதில் எட்டு நாட்கள். தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்கின் மறுநாள், மீலாத், நத்தார். இரண்டு பெருநாட்களும் இதில் இல்லை. தீபாவளியும் இல்லை. கச்சேரியில் வேலை செய்யும் முஸ்லிமுக்குப் பெருநாள் சட்டப்படி விடுமுறை. எதிர்ப்பக்கத்துக் கடையில் நிற்கும் முஸ்லிமுக்கு அது முதலாளியின் மனசைப் பொறுத்தது.

வெள்ளியும் அப்படித்தான். முஸ்லிம் அரச ஊழியர் ஜும்ஆவுக்குப் போய்வரச் சலுகை உண்டு. முஸ்லிம் பாடசாலைகள் அன்று நேரத்தோடு கலையும். ரமழானில் அவற்றுக்கு விடுமுறையும் விடுவார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையில் படிக்கும் முஸ்லிம் பிள்ளை நோன்போடு மலையேறி வகுப்புக்குப் போகும்.

தோட்டத்து முஸ்லிம்களைப் பற்றி நம் எழுத்துகளில் அதிகம் வருவதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலப் பக்கமெல்லாம் லயத்துக்கு லயம் ஒன்றிரண்டு குடும்பம் இருக்கும். ஷாஃபி மத்ஹபில் ஜும்ஆ நிறைவேற ஊரிலேயே வசிக்கும் ஆண்கள் நாற்பது பேர் வேண்டும். ஒரு தோட்டத்தில் அத்தனை பேருக்கு எங்கே போவது? பாங்கொலி எட்டாத தூரத்திலிருப்பவருக்கு மார்க்கம் சலுகை தருகிறது. ஆனால் மனசு கேட்பதில்லை.

பசறைக்கு அப்பாலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு பெரியவர் வருவார். இப்போது மௌத்தாகிவிட்டார். ஒரு வெள்ளி வந்தால் மறு வெள்ளி வரமாட்டார். காரணம் கேட்டேன்.

"காலைப் பெரட்டுக்குப் போய்ட்டு பாதியில பஸ் ஏறினா அரைப்பேருதான் தம்பி விழுகும். மாசத்துல ரெண்டு அரைப்பேர் தாங்கும். நாலு தாங்காது."

அதாவது ஜும்ஆவுக்கு அவர் கொடுத்த விலை அரைநாள் சம்பளம். நகரத்தில் இருக்கும் நாம் அந்த விலையைக் கொடுத்ததில்லை.

பெருநாளிலும் இந்தச் சிக்கல் உண்டு. நோன்புப் பெருநாள் நாளையா, நாளை மறுநாளா என்பது தலைப்பிறை பார்த்துக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வந்த பிறகுதான் தெரியும். இராத்திரி அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் காலையில் கணக்கப்பிள்ளையிடம் போய் இன்றைக்கு வரவில்லை என்றால், அவர் முகம் சுளிப்பார். ஹஜ்ஜுப் பெருநாள் அப்படியல்ல. துல்ஹஜ் பிறை பத்தில் அது வருவதால் ஒன்பது நாளுக்கு முன்பே உறுதியாகிவிடும். முன்கூட்டிச் சொல்லிவைக்க அவகாசம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கும் "இந்த ரெண்டு நாள்ல ஒண்ணு" என்று ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லலாம். பள்ளி நிர்வாகங்கள் தோட்டத்துக் குடும்பங்களுக்காக அப்படியொரு கடிதம் எழுதிக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

முஸ்லிம் நாட்டு வெள்ளிக்கிழமையைப் பற்றி எனக்கு ஆழமாகப் பாடம் சொன்னவர் ஒரு முஸ்லிம் அல்ல. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மகன் என்னிடம் படித்தான். வீட்டு வேலைக்குக் குவைத் போய் நாலு வருஷம் இருந்து வந்தவர்.

"வெள்ளிக்கிழமைன்னா வீடு நெறையச் சொந்தக்காரங்க சேர். அவங்களுக்கு லீவு. எனக்கு அன்னைக்குத்தான் சட்டி பானை கூட. தோட்டத்துலயாவது ஞாயித்துக்கெழம மலைக்குப் போக வேணாம்."

அவர் திரும்பி வந்து சில வருஷங்களுக்குப் பிறகு, 2015இல், குவைத் வீட்டுப் பணியாளருக்கென 68ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றி வாரத்தில் ஒருநாள் ஓய்வு தர வேண்டும் என்றது. அவருக்கு அது பிந்தி வந்த நீதி. கூலிக்காரரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தின் வீட்டில், புனித நாளே ஒரு வேலைக்காரிக்குப் பாரமான நாளாகியிருந்தது.

அவரைப் பற்றி எழுதிவிட்டு என் வீட்டை மறைக்கக்கூடாது. பதுளையில் வாப்பாவின் துணிக்கடையில் மடுல்சீமைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் வேலைக்கு நின்றான். தீபாவளிதான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். தோட்டத்துச் சனம் முழுக்கக் கடையில் நிற்கும். ஒரு வருஷம் தீபாவளிக்கு முதல்நாள் இரவு கடை பூட்டும்போது அவனுடைய கடைசி பஸ் போய்விட்டது. தங்கச்சிக்கு எடுத்துவைத்த பாவாடைத் துணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு துணிக்கட்டுகளுக்கு நடுவில் படுத்தான். விடிய எழுந்து போனான். அன்று வாப்பா சுபஹு தொழுதுவிட்டு வழக்கத்தைவிட நேரம் முஸல்லாவில் இருந்தார். அடுத்த வருஷம் அவனைப் பகலோடு அனுப்பிவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இதுதான். நாட்டுக்கே வெள்ளியை விடுமுறையாக்கக் கேட்க வேண்டிய தேவை நமக்கில்லை. முஸ்லிம் நாடுகளே அந்த நாளை முன்னும் பின்னும் நகர்த்தியபடிதான் இருக்கின்றன. தேவை அந்த இரண்டு மணித்தியாலம். சம்பளம் வெட்டாத இரண்டு மணித்தியாலம். கடைச் சட்டம் ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. அந்த அரைநாளை வெள்ளி நண்பகலுக்கு வைத்தால் முஸ்லிம் ஊழியர் அவசரமில்லாமல் தொழலாம். இரண்டு பெருநாளும் தீபாவளியும் வர்த்தகப் பட்டியலில் இல்லையென்றால், நம் கடைகள் அவற்றைத் தாமாகவே கொடுக்கலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை.

அடுத்த வெள்ளி அவரைக் கண்டபோது இதைச் சுருக்கிச் சொன்னேன்.

"அப்ப அரசாங்கத்துக்கிட்ட இல்ல, முதலாளிக்கிட்டத்தான் பேசணும் சேர்" என்றார்.

அவருடைய முதலாளி அன்றும் எங்களுக்கு முன்னால், முதல் ஸஃப்பில்தான் இருந்தார்.