நிழலில் பூக்கும் பிரிம்ரோஸ்

குழந்தைகளே, செடி வளர வெளிச்சம் வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் இங்கிலாந்தில் மரத்தடியில் பிரிம்ரோஸ் எப்படிக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது?

விடை மரத்தின் கிளைகளில் இருக்கிறது. அந்த ஊர் ஓக் மரங்கள் குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். மார்ச் மாதத்திலும் இலை வராது. அதனால் வெயில் நேரே தரையைத் தொடும். அந்தச் சில வாரங்களில் பிரிம்ரோஸ் வெளிர்மஞ்சளாகப் பூத்துத் தள்ளிவிடும். மே மாதம் மரம் தழைத்து நிழல் கவியும்போது, பூக்கும் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். அதன்பிறகு அதே நிழல்தான் கோடையில் மண் காயாமல் காக்கிறது. ஆகவே இலையுதிர் மரத்தடியில், இலைமட்கு கலந்த ஈர மண்ணில் இதை நடுவார்கள். ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகிவிடும்.

இப்போது பூவை உற்றுப் பார்ப்போம். சில செடிகளின் பூவில், நடுவே குண்டூசித் தலைபோல் ஒரு பச்சை உருண்டை தெரியும். அதுதான் சூலகமுடி. மகரந்தப்பைகள் குழாயின் உள்ளே மறைந்திருக்கும். வேறு சில செடிகளில் இது தலைகீழ்: ஐந்து மகரந்தப்பைகள் வாயருகே இருக்கும், சூலகமுடி உள்ளே இருக்கும். ஒரு செடியில் ஒரு வகைப் பூதான் பூக்கும்.

எதற்காக இந்த ஏற்பாடு? நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பூச்சி முதல் வகைப் பூவில் தேன் குடிக்கும்போது, குழலின் நுனிப்பக்கம் மகரந்தம் ஒட்டும். அடுத்து இரண்டாம் வகைப் பூவுக்குப் போனால், அந்த இடம் உள்ளே இருக்கும் சூலகமுடியில் படும். இரண்டாம் வகைப் பூவிலோ குழலின் மேல்பக்கம் மகரந்தம் ஒட்டும்; அது முதல் வகையின் சூலகமுடிக்குப் போய்ச் சேரும்.

சார்லஸ் டார்வின் கென்ட் பகுதியில் இருந்த தம் வீட்டில் இதை ஆராய்ந்தார். பூக்களைத் தாமே மகரந்தச் சேர்க்கை செய்து, விதைகளை எண்ணினார். இரு வகைகளும் சேர்ந்தால் நிறைய விதை. ஒரே வகைக்குள் சேர்ந்தால் குறைவு. 1862இல் இதை வெளியிட்டார்.

விதை விழுந்த பிறகு எறும்புகளின் முறை. விதையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதைக்காக அவை அதை இழுத்துச் செல்லும். சதையைத் தின்று விதையைப் போட்டுவிடும். அங்கே புதுச்செடி முளைக்கும்.

ஆகவே பிரிம்ரோஸ் தோட்டம் தானாகப் பெருக வேண்டுமா? பூக்கும் காலத்தில் பார்த்து, இரு வகைச் செடிகளையும் அருகருகே நட வேண்டும். எறும்புகளை விரட்டவே கூடாது!