பனி காத்த பேச்சு

இத்தாலி மொழி ஆளும் மாநிலத்தில், மலை உச்சியில் ஒரே ஒரு ஜெர்மன் கிராமம்

சுவிட்சர்லாந்தின் தெற்கே இருக்கும் டிச்சினோ மாநிலத்தில் கடைப்பலகை முதல் நீதிமன்றம் வரை எல்லாமே இத்தாலி மொழிதான். அங்குள்ள லோக்கார்னோ நகரிலிருந்து மாஜ்ஜா பள்ளத்தாக்கு வழியே பேருந்தில் போய், செவியோவில் வண்டி மாற வேண்டும். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். லினேஷியோ, செரெண்டினோ என்று கல்வீடுகள் நிறைந்த இத்தாலிய ஊர்களைத் தாண்டினால், சாலை முடியும் இடத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கருத்துப்போன மரச்சுவர் வீடுகள் தெரியும். அதுதான் போஸ்கோ குரின். டிச்சினோவில் பரம்பரையாக ஜெர்மன் பேசும் ஊர் இது ஒன்றே. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 50 பேர்.

மேட்டு நிலம் தேடி வந்தவர்கள்

இவர்களின் முன்னோர் வால்சர்கள். ரோன் நதியின் தலைப்பகுதியில், மேல் வலே பிரதேசத்தில் வாழ்ந்த குடியானவர்கள். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பி இத்தாலி, லீக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா வரை பரவினார்கள். பள்ளத்தாக்கின் அடிநிலமெல்லாம் முன்பே பிறர் கையில் இருந்தது. மிச்சமிருந்தது யாருக்கும் வேண்டாத உச்சிதான். அதைப் பண்படுத்தித் தருபவர்களுக்குப் பரம்பரைக் குத்தகையும் அடிமைத்தளை இல்லாத வாழ்வும் தர நிலப்பிரபுக்கள் தயாராக இருந்தார்கள். வால்சர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

குரினுக்கு வந்தவர்கள், இன்று இத்தாலியில் இருக்கும் போமாட் பள்ளத்தாக்கிலிருந்து கணவாய் ஏறி வந்தவர்கள். ஊர்த் தேவாலயத்துக்கு 1253-இல் அர்ச்சிப்பு நடந்திருக்கிறது. அப்போதே இங்கே ஒரு சமூகம் நிலைகொண்டுவிட்டது.

அவர்கள் வாழ்ந்த விதத்தைப் பார்க்க, 1386-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டுக்குள் போகலாம். 1938 முதல் அது அருங்காட்சியகம். கீழ்ப்பகுதி கல், மேல்பகுதி மரம். சுவரில் சின்னதாக ஓர் அடைப்பு இருக்கிறது. வீட்டில் யாராவது இறந்தால் மட்டும், உயிர் வெளியே போக அதைத் திறந்துவிடுவார்களாம். தானியக் களஞ்சியம் கட்டுவதிலும் வால்சர்களுக்கு ஓர் உத்தி உண்டு. மரக்கால்கள் மேல் களஞ்சியத்தை நிறுத்தி, ஒவ்வொரு காலின் தலையிலும் வட்டமான தட்டைக்கல் ஒன்றை வைப்பார்கள். காலில் ஏறி வரும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தோடு திரும்பிவிட வேண்டியதுதான்.

இதே ஊரில் 1899-இல் பிறந்தவர் ஓவியர் ஹான்ஸ் டொமாமிகெல். நம் ஊர்க் கடைகளிலும் பாக்கெட் சூப் விற்கும் நோர் நிறுவனத்துக்காக, கூர்க்குல்லா போட்ட குட்டி மனிதனை 1948-இல் வரைந்தவர் அவர்தான். சுவிஸ் குழந்தைகள் பல தலைமுறைகளாக அந்தக் குட்டி மனிதனைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள்.

பகையே பாதுகாப்பு

குரினின் பெரும் எதிரி பனிச்சரிவு. 1695-இல் 34 பேரையும், 1749-இல் 41 பேரையும் அது கொன்றது. இத்தனை சிறிய ஊரில் இது எத்தனை குடும்பங்களைத் துடைத்திருக்கும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே பனிதான் குளிர்காலத்தில் வழியை அடைத்து, கீழே உள்ள இத்தாலிய ஊர்களிடமிருந்து குரினைப் பிரித்து வைத்தது. ஊருக்குள்ளேயே பேச்சு, ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று நூற்றாண்டுகள் ஓடின. வலேயிலிருந்து கொண்டுவந்த பழைய ஜெர்மன் கலையாமல் நின்றது. சூரிக்கிலிருந்து வருபவருக்கே அது சட்டென்று பிடிபடாது.

அந்தத் தனிமையை உடைத்தது பிழைப்பு. வேலை தேடி ஆட்கள் வெளியே போனார்கள். நல்ல சாலை வந்தது. பிள்ளைகள் படிப்புக்காக மலையிறங்கினார்கள். படிப்பு இத்தாலி மொழியில். கல்யாண சம்பந்தங்களும் பள்ளத்தாக்கு ஊர்களில் அமைந்தன. தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி என்றான வீட்டில், பள்ளியும் கடையும் அலுவலகமும் பேசும் மொழியே பெரும்பாலும் ஜெயிக்கும். இவற்றில் எதையும் தவறென்று சொல்ல முடியாது. பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத ஊரில் மொழி மட்டும் வாழ்ந்து என்ன?

இதில் ஒரு முரண் உண்டு. சுவிட்சர்லாந்து மக்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பேசுவது ஜெர்மன். நாட்டின் பெரும்பான்மை மொழியே அதுதான். ஆனாலும் குரினின் ஜெர்மன் நலிந்துகொண்டிருக்கிறது. பனிச்சறுக்குக்கு வரும் ஜெர்மன் பேசும் சுற்றுலாப் பயணிகளால் விடுதிக்கு வருமானம் உண்டு, ஊர்ப்பேச்சுக்கு லாபமில்லை. அவர்கள் பேசுவது வேறு ஜெர்மன்.

அருங்காட்சியகமும் ஒலிப்பதிவுகளும் அகராதிகளும் ஒரு பேச்சின் சொற்களைச் சேர்த்து வைக்கும். பேசுவதற்கு ஆள் சேர்க்காது. அதற்கு இளம் குடும்பங்கள் ஊரிலேயே தங்க வேண்டும், தங்குவதற்கு வருடம் முழுக்க வேலை வேண்டும். குரினின் மொழிப் பிரச்சினை என்பது முதலில் ஒரு வேலைவாய்ப்புப் பிரச்சினை.