ஆராய்ச்சிக்கு வருகிறவர்களிடம் நாமும் கேட்கலாம்



ஒருவர் நோட்டும் பேனாவுமாக வீட்டுக்கு வருவார். "இருமல் இருக்காம்மா? மூச்சு வாங்குதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். அப்புறம் என்ன ஆச்சு என்று நமக்குத் தெரியாது. இப்படித்தான் நடக்கணும் என்று இல்லை.

நம் மாவட்டத்துக் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள் 2004-ல் பயிற்சி எடுத்து, தாங்களே காற்றைச் சோதித்தார்கள். முதல் கருவி மூக்கு. எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை, கண் எரிந்ததா என்று எழுதி வைத்தார்கள். வாடையை எப்படி எழுதுவது? நமக்குத் தெரிந்த பொருளைச் சொன்னால் போதும். அழுகின முட்டை வாடை என்றால் அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம்.

அடுத்தது வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளி, இறுக்கமான மூடி, உள்ளே ஒரு தனி வகைப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று பைக்குள் நிறையும். அதை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருந்தன. அதில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. வெறும் வாய்ச்சொல்லாக இருந்த புகார், ரசாயனத்தின் பெயரோடு அறிக்கையாக வந்தது.

நம் விருத்தாசலம் செராமிக் வேலையில் கதை வேறு. இங்கே சிலிக்கா தூசிக்கு வாடை கிடையாது. மிகவும் ஆபத்தான நுண்தூசி கண்ணுக்கும் தெரியாது. வருஷக்கணக்கில் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் ஆகிறது. டி.பி. மாதிரியே இருமல், இளைப்பு இருப்பதால் தவறாக நினைத்துவிடுவதும் உண்டு. "பொம்மைக் கம்பெனி வேலை" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. பவுடர் கலக்கினேன், காய்ந்த பொம்மையைத் தேய்த்தேன், தரையைக் கூட்டினேன், இத்தனை வருஷம் என்று சொல்லணும்.

இன்னொன்று. இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டும் கணக்கெடுத்தால், மூச்சு முட்டி வேலையை விட்டவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது நம் குழுவுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஆய்வைப் பற்றி நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். விருப்பமில்லை என்று சொல்லலாம், பாதியில் விலகலாம். அதற்காக சிகிச்சையை மறுக்கக் கூடாது. கையெழுத்து கேட்டால் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம், எக்ஸ்ரே எதற்கு, முடிவை யாரிடம் சொல்வீர்கள், நோய் என்று தெரிந்தால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். "முடிவு வந்ததும் எங்க குழுக் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க சார்" என்று சொல்லி, அவர் சொல்லும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.