சோழமண்டலக் கரையின் பெயரும் கைவண்ணமும்

ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1763ஆம் ஆண்டில் சில கருங்காலி நாற்காலிகளை விலைக்கு வாங்கினார். நுணுக்கமான செதுக்குவேலை நிறைந்த அவற்றை, இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள்கள் என்றே அவர் நம்பினார். அவ்வகை நாற்காலிகள் பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியருக்காகச் செய்தவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இதற்கு நேர்மாறானது ‘கோரமண்டல் திரை’ எனப்படுவது. அரக்கு மெருகில் செதுக்கி வண்ணம் தீட்டிய அம்மடிப்புத் திரைகள் சீனாவில் உருவானவை. நம் கரைத் துறைமுகங்களின் வழியே ஐரோப்பா சென்றமையால் இப்பெயர் பெற்றன. நம்மவர் கைவேலை அயலார் பெயரிலும், அயலார் கைவேலை நம் கரையின் பெயரிலும் வழங்கியிருக்கின்றன. ஆகவே வணிகத்தின் வழியே பரவிய கலையை அறிய விரும்புவோர், பெயரோடு நின்றுவிடாமல் செய்தவர் யார் என்றும் வினவ வேண்டியவராகின்றனர்.

இவ்வணிகத்தை ஐரோப்பியர் தொடங்கிவைக்கவில்லை. அவர்கள் வருமுன்னரே இக்கரையின் துணிகள் மலாக்கா முதலிய கீழைத் துறைமுகங்களுக்குச் சென்று, நறுமணப் பொருள்களுக்கு விலையாக அமைந்தன. மரக்காயர் உள்ளிட்ட தமிழ் முஸ்லிம் கடலோடிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு; மலாய் நாடுகளில் அவர்கள் ‘சூலியர்’ எனப்பட்டனர். துறைமுகங்களுக்குப் பின்புலமாக உள்நாட்டுத் தறிகள் இயங்கின. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்றிருந்தது.

ஐரோப்பிய இல்லங்களின் தோற்றத்தையே மாற்றியது சீட்டித் துணியாகும். அதன் சிறந்த வகை, கட்டில் விரிப்பாகவும் சுவர்த் திரையாகவும் பயன்பட்ட ‘பலம்போர்’. படுக்கை விரிப்பைக் குறிக்கும் ‘பலங்போஷ்’ என்னும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. பாறைக் குன்றின்மீது கிளைபரப்பிப் பூத்து நிற்கும் மரமே அதன் பொதுவான சித்திரம். அதில் பாரசீகச் செடிகொடி மரபும், சீனப் பாறை வடிவமும், ஐரோப்பியப் பூத்தையல் சாயலும் ஒருங்கே கலந்துள்ளன. வாங்குவோரின் விருப்பமும் இதில் இடம்பெற்றது. வெண்ணிறத் தளம் மிகுந்த விரிப்புகளை அனுப்புமாறு 1643இல் இலண்டனிலிருந்து ஆங்கிலக் கம்பெனியார் சூரத்துக்கு எழுதினர். எனவே ‘கீழைநாட்டு அழகு’ என்று ஐரோப்பா வியந்ததில், ஐரோப்பாவின் விருப்பமும் ஓரளவு கலந்திருந்தது.

எனினும் சாயநுட்பம் முற்றிலும் இந்நாட்டவருடையது. கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், சிவப்புக்குப் படிகாரக் கரைசலையும் கறுப்புக்கு இரும்புக் கரைசலையும் எழுதுகோலால் தீட்டினர். பின் சாயவேரில் கொதிக்கவைக்க, படிகாரம் பட்ட இடம் சிவந்தது. நீலம் வேண்டாத பகுதிகளை மெழுகால் மூடி, துணியை அவுரிச் சாயத்தில் தோய்த்தனர். துவைத்தாலும் மங்காத இவ்வண்ணங்களைப் பருத்தியில் ஏற்றும் கலையை ஐரோப்பியர் அன்று அறியார். கேர்து என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் இம்முறையை விரிவான கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார்.

நுட்பம் அங்கே சென்று சேர, சந்தையோ சட்டத்தால் அடைக்கப்பட்டது. பிரான்சு 1686 முதல் 1759 வரை சீட்டித் துணியைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1701, 1722 ஆகிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் கட்டுப்படுத்தியது. அந்நாட்டின் தடை 1774இல் நீங்கியபோது, அங்கேயே அச்சுத் தொழில் வேரூன்றியிருந்தது. பின்னர் இயந்திர நெசவும், 1869இல் காப்புரிமை பெற்ற செயற்கை அலிசரின் சாயமும் சாயவேரின் சந்தையைக் குலைத்தன. ‘ஆசியத் தாக்கம்’ எனக் கலை வரலாற்று நூல்கள் ஒரு சொல்லில் கடந்து செல்வதற்குள், பல தலைமுறைகளின் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

அக்கைவினைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. ஆனால் ஊர்ப்பெயர்கள் சில, துணியோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தன. சாந்தோமிலிருந்து சென்ற கோடிட்ட துணி ஜப்பானில் ‘சாந்தோமே’ ஆயிற்று. டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டின் பெயர், மலாய் மக்கள் உடுத்தும் ‘பெலிக்காட்’ கைலியில் இன்றும் வாழ்கிறது. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் கைலியும் இந்நெடிய வணிக வரலாற்றின் ஓர் ஆவணமே. நாற்காலியையும் திரையையும் ஆராய்வதற்குக் காட்டும் அக்கறையை, இத்துணிக்கும் அதை நெய்தோருக்கும் காட்டுவது நம் கடமையாகும்.