புறக்கடைக் கலப்புக் கோழிகளின் இனமறிதல்

புறக்கடைக் கலப்புக் கோழிகளின் இனமறிதல் என்பது, வீட்டுப் புறக்கடையில் திரிந்து மேயும் கோழியின் உருவத்தையும் நடத்தையையும் கொண்டு, அதன் மரபில் எவ்வினங்கள் கலந்துள்ளன என உய்த்துணரும் முறை ஆகும். தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோடு வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வெள்ளை லெகான் வழிவந்த முட்டைக்கோழிகளை வளர்க்கும் பெரும்பண்ணைகளும், நாட்டுக்கோழி மேயும் ஊர்ப்புறங்களும் இங்கு அருகருகே உள்ளன. இவற்றோடு ஐதராபாத்தின் வனராஜா, பெங்களூரின் கிரிராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்ற உருவாக்கப்பட்ட வகைகளும் புறக்கடை வளர்ப்புக்கெனத் தமிழகத்தில் பரவியுள்ளன.

இனம் என்னும் சொல்

பெற்றோரின் பண்புகளைத் தலைமுறைதோறும் மாறாமல் ஈனும் கூட்டமே இனம் எனப்படும். ஆகவே இனம் என்பது ஒரு கூட்டத்தின் இயல்பு. தனிக்கோழியின் இயல்பு அன்று. பல தலைமுறை கலந்த கோழி ஒன்றைக் காட்டி "இது என்ன இனம்?" எனக் கேட்டால் அதற்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. எந்தப் பண்பு எவ்வழியாக வந்திருக்கக்கூடும் என்று மட்டுமே கூற இயலும்.

வழக்கிலுள்ள பெயர்களும் பெரும்பாலும் இனப்பெயர்கள் அல்ல. சிறுவிடை, பெருவிடை என்பன உடலளவைக் குறிப்பவை. கிராப்புக் கோழி (கழுத்தில் இறகற்றது), கொண்டைக் கோழி (தலையில் இறகுக் குடுமி உடையது), குட்டைக்கால் கோழி என்பன ஒற்றைப் பண்பால் பெயர் பெற்றவை. இவற்றுள் குட்டைக்கால் கோழியின் நிலை விந்தையானது. உலகின் பல பகுதிகளில் அறியப்பட்ட குட்டைக்கால் மரபணுவைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். எனவே அம்மரபணுவால் கால் குட்டையான கோழிகளைத் தமக்குள்ளேயே சேர்த்தாலும், பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நெட்டைக்காலாகவே இருக்கும். இவ்வகை தூய இனமாக நிலைபெறவே இயலாது.

உருவ அடையாளங்கள்

கொண்டை முதன்மையான அடையாளம். மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என 1902-ல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டைகளைக் கொண்டும்தான். அசில் கோழிக்குத் தாழ்ந்து தடித்த பட்டாணிக் கொண்டை உண்டு. இது ஓங்கு பண்பு. அதாவது பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும். லெகானுக்கு உயர்ந்த ஒற்றைக் கொண்டை. பெட்டையில் அது ஒருபுறம் சாய்ந்து விழும்.

கிராப்புப் பண்பும் ஓங்கு பண்பே. ஆயினும் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற கோழிக்குக் கழுத்தின் முன்புற அடியில் சிறு இறகுக் கொத்து எஞ்சியிருக்கும். கலப்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் அடையாளங்கள் மிகச் சிலவே.

மஞ்சள் கால் ஒடுங்கு பண்பு. இருபுறமிருந்தும் வந்தால்தான் தோன்றும். லெகானின் கால் மஞ்சள் என்பதால் இதை அயல் இரத்தமாகக் கொள்ளத் தோன்றும். ஆனால் வளர்ப்புக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே எனினும், மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியாவில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

கருந்தோலே அதிகம் ஏமாற்றும் அடையாளம். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கடக்நாத்தின் கறுப்பு இறைச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்புக்கோழி கூடுதல் விலை பெறுவதால் இக்குழப்பம் வாங்குபவரின் பணத்தையும் தொடுகிறது. கருமையை உண்டாக்கும் மரபணு ஓங்கு வகை. அதை மங்கச் செய்யும் மற்றொரு மரபணு பால்சார் நிறப்புரியில் உள்ளது. கருந்தோல் சேவலை லெகான் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் கருத்தும் சேவற்குஞ்சுகள் வெளிறியும் அமையும். ஆகவே கறுத்த பெட்டை ஒன்று பாதிக் கலப்பாகவும் இருக்கலாம். கடக்நாத் கறுப்பு முட்டை இடும் என்பதும் தவறு. அதன் முட்டை வெளிர்பழுப்பு.

முனை வெட்டப்பட்ட அலகு மரபுப் பண்பு அன்று. எனினும் அக்கோழி பண்ணையில் வளர்ந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அரிது.

அடைகாத்தல்

நாட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டை இட்டு, இடையிடையே அடைக்கு உட்காரும். 300-க்கு மேல் இடும் பண்ணைக் கோழியில் அடைகாக்கும் இயல்பு தெரிவினப்பெருக்கத்தால் ஏறத்தாழ நீக்கப்பட்டுவிட்டது. எனவே இறகின் நிறத்தைவிட அடைகாத்தலே நம்பத்தக்க குறிப்பு எனலாம்.

சேவல் மாற்றத்தின் விளைவு

ஐயம் தீர்க்க எளிய வழி, ஒத்த தோற்றமுள்ள சேவலோடு சேர்த்துக் குஞ்சுகளைப் பார்ப்பதாகும். குஞ்சுகள் பலவாறாகப் பிரிந்தால் பெற்றோர் கலப்பு என்பது உறுதி.

ஒவ்வொரு தலைமுறையிலும் வெளிச்சேவலையே சேர்த்தால் பழைய மந்தையின் மரபு சராசரியாகப் பாதி, கால், அரைக்கால் எனக் குறையும். மூன்று தலைமுறை புறக்கடையில் ஓரிரு ஆண்டுகளிலேயே கடந்துவிடும். சேர்த்த சேவல் அடைகாவா வழியினது எனில், குஞ்சுக்காக வளர்ப்பவர் பொரிப்பகத்தை நாட நேரிடும். அடைக்கு உட்காரும் ஊர்ப்பெட்டைகளையும், அவற்றுக்குப் பிறந்த சேவல் ஒன்றையும் விற்காமல் வைத்திருப்பது இதைத் தவிர்க்கும். உடன்பிறப்புக் கலப்பு நேராதிருக்க அச்சேவலை அயல்வீட்டாரின் ஊர்ச்சேவலோடு அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம்.