நிலக்கடலை வேரில் முடிச்சு முடிச்சாக இருப்பது ஏன்?

பூக்கும் பருவத்தில் ஒரு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி, மண்ணை உதறிவிட்டுப் பாருங்கள். வேரெங்கும் கடுகளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு! செடிக்குள் ஏது இந்த நிறம்?

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் செடியால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மண்ணிலுள்ள ரைசோபியம் வகை பாக்டீரியாக்களால் முடியும். வேர் சில பொருட்களைக் கசியவிட்டு அவற்றை அழைக்கிறது. பக்கவேர் கிளம்பும் இடத்து விரிசல் வழியே அவை நுழைய, அங்கே முடிச்சு உருவாகிறது.

வீட்டோடு தங்கிய சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். செடி சர்க்கரை தருகிறது. அவர் காற்றின் நைட்ரஜனைத் தழைச்சத்தாகச் சமைத்துப் போடுகிறார்.

இதில் ஒரு சிக்கல். இந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். என்ன செய்வது? அதற்குத்தான் அந்தச் சிவப்பு. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம், ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. மண்ணுக்கடியில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

யூரியாவை அள்ளிப் போட்டால்? தழைச்சத்து தாராளமாகக் கிடைப்பதால் செடி முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் கீறிய முடிச்சு வெளிறியோ பச்சையாகவோ இருந்தால், அதற்குள் வேலை நடக்கவில்லை.