தோல்வியிலும் சுவை உண்டோ?

ஜோகூர் மலாய் வீடுகளில் பழகிவந்த சொங்காக் நம் பல்லாங்குழிக்கு உறவு. ஆளுக்கு ஏழு வீடுகள், வீட்டுக்கு ஏழு காய்கள், ஆக 98. பலகையின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு பெருங்குழி. அதில் சேர்வதே வருவாய்.

தாயத்தில் தோற்றவர் கட்டையை நொந்துகொள்ளலாம். இங்கே உருட்டுவதற்கு எதுவுமில்லை. காய்கள் கண்முன் கிடக்கின்றன; எந்த வீட்டைத் தொட்டுக் கெட்டோம் என்பது தோற்றவருக்கே தெரியும். மறு ஆட்டத்துக்கு அவரை இழுப்பது அதுதான்.

அடுத்த சுற்றில் 40 காய்கள் உடையவர் ஐந்து வீடுகளையே நிரப்ப முடியும். மற்ற இரண்டும் எரிந்த வீடுகள்; அவற்றில் காய் விழாது. தண்டனைதான். ஆயினும், முன்பு எதிரியின் பெருங்குழி நீங்கலாக 15 இடங்களைச் சுற்றிய காய்கள் இப்போது 13 இடங்களையே சுற்றுகின்றன. வென்றவரின் பழைய மனக்கணக்கும் அத்தோடு பிசகிவிடுகிறதன்றோ! காய் சேர்ந்தால் எரிந்த வீடுகளும் மீளும்.

2006-இல் வெளிவந்த ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ என்னும் கணினி விளையாட்டில் வெற்றி என்ற முடிவே கிடையாது. கட்டிய கோட்டை எவ்வாறு அழிந்தது என்று சொல்லி மகிழ்வார்கள், அதில் ஊறியவர்கள்.

ஆனால் சொங்காக்கில் ஒரே வீடு எஞ்சியவருக்கு இந்தச் சுவை இராது. எந்தக் குழியில் கைவைப்பது என்று எண்ணிப்பார்க்க அவருக்கு இரண்டாவது குழி இல்லை.